பலகைக்கு முன்னால் நடப்பது

நீளம் தாண்டுதலில் பாதம் பலகையில் பட்டு எழும் நேரம் ஏறத்தாழ 0.12 நொடி. கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக மணல் குழி ஓரம் நின்ற காலமெல்லாம், பலகையில் பாதம் அறையும் சத்தத்தையும் மணலில் விழுந்த தடத்தையும் வைத்து மீதியை ஊகித்தே பயிற்சி கொடுத்துவந்தேன். என் ஆசிரியர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

சட்டைப்பையில் இருக்கும் செல்போன் இதை மாற்றியது. சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம். பாதம் பலகையில் இருக்கும் நேரத்துக்கு நான்கு படம்கூடத் தேறாது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் பிள்ளை ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 23 செ.மீ. கடந்துவிடுகிறது. பலகையின் அகலமே 20 செ.மீ.தான்! ஸ்லோமோஷனில் 240 வைத்தால் அந்த இடைவெளி 3 செ.மீ.க்குள் அடங்கும். போனைப் பலகைக்கு நேர் பக்கவாட்டில், நன்றாக எட்ட, அசையாமல் வைக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைத்தாலும் சரியான தாண்டல் ஃபவுலாகத் தெரியும். வெளிச்சமும் முக்கியம். சாயங்காலம் மங்கிவிட்டால் பாதம் கலங்கலாகத்தான் விழும். காலை வெயிலே நல்லது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நல்ல வேகம். ஆனால் கடைசி அடியை எட்டிப் போடுவாள். வந்த வேகமெல்லாம் பலகையிலேயே செத்துவிடும். "எட்டிப் போடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வீடியோ எடுத்துக் காட்டினேன். முழங்கால் விறைத்து, குதிகால் இடுப்புக்கு வெகு முன்னால் போய் ஊன்றுவது தெளிவாகத் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவள், "சார், நான் பலகையத் தேடுறேன் சார்" என்றாள்.

ஏன் தேடுகிறாள்? அதற்கு விடை பலகையருகே கிடைக்கவில்லை. போனை ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு மாற்றினேன். சில நேரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பினாள், சில நேரம் ரெண்டடி நடந்து வந்து ஓடினாள். முதல் அடிகளின் நீளம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. 1982-ல் டேவிட் லீயும் சக ஆய்வாளர்களும் நீளம் தாண்டுபவர்களைப் படம்பிடித்துக் காட்டியதும் இதைத்தான்: சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஓட்டம் நெடுகச் சேர்ந்துகொண்டே வரும், கடைசிச் சில அடிகளில் கண் பலகையைப் பார்த்து அதைச் சரிக்கட்டும். சேர்ந்தது அதிகமானால் சரிக்கட்டுவதும் அதிகம். அவளுக்கு நின்ற நிலையிலிருந்து ஒரே மாதிரி கிளம்பப் பழக்கி, நான்காவது அடி விழ வேண்டிய இடத்தில் ஒரு செக்மார்க் போட்டோம். கடைசி அடியைப் பற்றி நான் பேசுவதையே விட்டுவிட்டேன். சில வாரங்களில் அது தானாகவே சுருங்கியது.

தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தவர். அவர் வீடியோக்களைப் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். எல்லோர் கண்ணும் அந்தரத்தில் அவர் கால் வீசுவதன் மேல்தான். நான் பலகைக்கு முன்பே நிறுத்திவிட்டு, கடைசிக்கு முந்தைய அடியில் இடுப்பு எப்படித் தாழ்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். காற்றில் போன பிறகு தூரத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது.

ஒவ்வொரு தாண்டலுக்கும் காட்டுவதில்லை. காட்டினால் குழியிலிருந்து எழுந்ததும் மணலைக்கூடத் தட்டாமல் போனை நோக்கித்தான் ஓடி வருகிறார்கள். உடம்புக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே முதலில் அதைச் சொல்ல வேண்டும், பிறகுதான் வீடியோ.

பெண் பிள்ளைகளை என் போனில் எடுப்பதில்லை. வீட்டில் சம்மதம் கேட்டு, அவர்கள் கொடுத்தனுப்பும் போனிலேயே எடுப்பேன். படம் அவர்களிடமே இருக்கும். அதனால் நினையாத நன்மை ஒன்று நடந்தது. அந்த மாணவியின் அம்மா இரவில் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "சார், இன்னைக்கு ரெண்டாவது தடவ கிளம்பும்போது கால மாத்தி வச்சிட்டா போல?" சரியாகத்தான் சொன்னார். இப்போது சனிக்கிழமைகளில் அவரே மைதானத்துக்கு வந்து பலகைக்கு நேராக நின்று படம் எடுக்கிறார். நான் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நிற்கிறேன். நான் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.