கூடி வாழும் மீன்கள்

கயல், சேல், கெண்டை, வாளை, வரால் என மீன்களின் பெயர்களை 35 ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன் யான். மகளிர் கண்ணுக்குக் கயலை உவமை கூறும் இடம் வரும்போதெல்லாம் அதன் நயத்தை அரைமணி நேரம் விரித்துரைப்பேன். ஆயினும், உயிருள்ள மீனொன்றின் கண்ணை அருகிருந்து ஒருநாளும் உற்று நோக்கியவன் அல்லேன். பணியினின்று ஓய்வு பெற்றபின், என் பெயரன் பொருட்டே அவ்வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மீனுக்கு இமை இல்லை என்று நூலிற் படித்திருந்தேன்; விளக்கணைத்த பின்னும் அது விழித்த கண்ணோடு அசையாது நின்று உறங்குவதை அப்போதுதான் கண்டேன்.

பெயரனுக்கு அப்போது பத்து வயது. அவன் வேண்டியவாறே 2 அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி, நியான் டெட்ரா என்னும் சிறு மீன்கள் பத்தினை அதில் விட்டோம். நீலமும் சிவப்பும் ஒளிர, ஒன்றையொன்று தொடர்ந்து திரியும் அவை, முழுதும் வளர்ந்தாலும் ஒன்றரை அங்குல நீளத்தைத் தாண்டுவதில்லை. "பெரிய மீன் ஒன்றும் வேண்டும், தாத்தா" என்றான் அவன். அதே கடையில் ஆஸ்கார் என்னும் மீனின் குஞ்சு ஒன்று இருந்தது. இரண்டு அங்குலமே இருக்கும். கரிய மேனியில் வெளிறிய வரிகளோடு, ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. அது எவ்வளவு வளரும், எதனை உண்ணும் என்று யான் வினவவில்லை, கடைக்காரரும் கூறவில்லை. ஒதுங்கி நின்றதை அடக்கம் என்று எண்ணிவிட்டேன்!

நாள்தோறும் காலையில் எழுந்தவுடன் மீன்களை எண்ணுவது சிறுவனின் வழக்கம். மூன்றாம் திங்களில் ஒருநாள், "ஒன்பதுதான் இருக்கின்றன" என்றான். செடிக்குப் பின் ஒளிந்திருக்கும் என்றேன். மறுவாரம் ஏழாயின. ஆஸ்காரோ என் உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது. உண்மை எனக்கு விளங்கிய பின்னும், தொட்டி இரண்டாவது வாங்க வேண்டுமே என்று தயங்கி நான்கு நாள் கடத்தினேன். ஐந்தாம் நாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

சிறுவன் அழவில்லை. "இது கெட்ட மீன். கோயிற்குளத்தில் விட்டுவிடுவோம், தாத்தா" என்றான். மீன் கெட்டதன்று; தன் வாய்க்குள் அடங்குவதனை உண்டது. அவற்றை ஓரிடத்தில் அடைத்தவன் யானே. இதனை அவனிடம் சொல்வதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது, எனினும் சொன்னேன். குளத்தில் விடுதல் ஆகாது என்பதையும் விளக்கினேன். ஆஸ்கார் தென்னமெரிக்க ஆறுகளுக்கு உரியது. கண்ணாடியிற் படியும் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் 'சக்கர்' மீனும் அக்கண்டத்ததே. வளர்த்தவர்கள் அதனை நீர்நிலைகளில் விட்டதன் பயனாக, இன்று அது நம் நாட்டு ஏரிகள் பலவற்றிற் பெருகி, தன் முள்ளால் மீனவர் வலைகளைக் கிழிக்கின்றது. நம் மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்கின்றது.

ஆகவே, ஆஸ்காரை நீர் நிறைந்த வாளியில் இட்டுச் சென்னைக் கொளத்தூருக்குக் கொண்டு சென்றோம். அழகுமீன் வளர்ப்போரும் விற்போரும் மிகுந்த பகுதி அது. அங்கே பெரிய தொட்டி வைத்திருந்த வணிகர் ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். தொட்டியில் விட்டதும், அது சிறுவன் நின்ற பக்கத்துக் கண்ணாடியருகே வந்து, இரை கேட்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடியது. கெட்ட மீன் என்றவன் நெடுநேரம் அவ்விடம் விட்டு அகலவில்லை.

"பெரிய மீனும் வேண்டும், அது சாதுவாகவும் இருக்க வேண்டும். அப்படி உண்டா?" என்று அவ்வணிகரை வினவினேன். "உண்டு ஐயா. ஆனால் உடம்பைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்" என்றார் அவர். சாதுவான மீனும் தன் வாயினுள் புகத்தக்க குஞ்சைக் கண்டால் விடாதாம். ஆதலின் ஏறக்குறைய ஒத்த அளவுள்ள மீன்களையே ஒன்றாக விடவேண்டும். விற்கும்போது உள்ள அளவை விடுத்து, முழு வளர்ச்சியின் அளவைக் கேட்க வேண்டும். கூட்டமாய் வாழும் இனத்தைத் தனியே விட்டால் அஞ்சி ஒடுங்கும். இடம் நெருக்கமானால் சாதுவும் சண்டையிடும். வகுப்பில் மாணவர்களை உயரம் ஒன்றையே பார்த்து வரிசையாக உட்கார வைத்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதன் பயனாக யான் தீர்த்துவைத்த வழக்குகள் பல!

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கு ஏற்பாடு செய்தேன். கன அளவு 9 கன அடி. ஏறக்குறைய 250 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடையே 250 கிலோ ஆதலின் இரும்புத் தாங்கியும் வேண்டியதாயிற்று. என் மனைவி அதன் விலையைக் கேட்டபோது யான் கேளாதவன்போல் இருந்தேன்.

பாலா சார்க் என்னும் மீனைச் சிறுவன் விரும்பினான். பெயரிற் சுறா இருப்பினும் அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது, மிகச் சாது. ஆயினும் ஓரடி வளர்ந்து கூட்டமாய் விரைந்து நீந்தும் அதற்கு எங்கள் தொட்டி சிறையாகும். என் உள்ளம் சென்றதோ மிஸ் கேரளா என்னும் மீனிடத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழ்வது. கரிய கோட்டின்மேற் செங்கோடு தீட்டிய மேனி. அயலாரைத் துன்புறுத்தாத இயல்பு. காட்டோடைகளில் மிகுதியாகப் பிடிக்கப்பட்டு அது அருகிவிட்டது என்றும், இப்போது தொட்டிகளிலும் இனம் பெருக்குகின்றனர் என்றும் அறிந்தேன். எனினும், குளிர்ந்து ஓடும் நீரிற் பிறந்த அதனைச் சென்னையின் சித்திரை வெயிலில் வைத்து வாட்ட மனம் வரவில்லை.

முடிவில் சில்வர் டாலர் ஐந்தும் முத்துக் கௌராமி நான்கும் தேர்ந்தோம். முன்னது வெள்ளி நாணயம்போல் வட்டமானது; 6 அங்குலம் வளரும். கொடிய பற்களையுடைய பிரானாவுக்கு உறவு. ஆயினும் இலை தழைகளையே விரும்பி உண்பது. அதனால் தொட்டியிற் செடி வளர்க்கும் ஆசையை விட்டு, மரக்கட்டைகளையும் கற்களையும் மறைவிடமாக அடுக்கினோம். கௌராமியின் உடலெங்கும் முத்துப் புள்ளிகள். அதன் வயிற்றடியில் நூல்போல் நீண்ட இரு துடுப்புகள் உண்டு. அவற்றால் எதிர்ப்படும் பொருளையெல்லாம் தொட்டு அறியும். நீரின் மேல் வந்து காற்றையும் உட்கொள்ளும் ஆதலின், மூடிக்கும் நீருக்கும் இடையே வெளி விட்டோம். ஆண்கள் தம்முள் பூசலிடும் என்பதால் ஆண் ஒன்றும் பெண் மூன்றுமாக வாங்கினோம்.

மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சாகும். அதனை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைப் புதிய வடிகட்டியில் வைத்து அதனை விரைவுபடுத்தினோம். அப்போதும் மீன்களைச் சிறிது சிறிதாகவே விட்டோம்.

இரையிடும்போது சில்வர் டாலர்கள் முந்திக்கொள்கின்றன, கௌராமிகள் பின்தங்குகின்றன. அதனைக் கண்டு, சிறுவன் தானாகவே தொட்டியின் இரு முனைகளிலும் இரையிடத் தொடங்கினான். கடைசி மீனை விட்ட மறுநாள் விடியுமுன் அவன் எழுந்து வரும் ஓசை கேட்டது. யானும் எழுந்து சென்று, அவன் பின்னே நின்றேன். கண்ணாடியில் விரலை வைத்து மெல்ல எண்ணினான். ஐயம் தீராமல் மறுமுறையும் எண்ணினான். ஒன்பதும் இருந்தன.