எந்தப் பக்கமிருந்து படிப்பது?

வந்த மெயிலைத் திறந்தவுடன் வரி வரியாகப் பெருக்கல் குறி தெரிந்தால் பயப்படாதீர்கள். யாரும் உங்களுக்கு வாய்ப்பாடு அனுப்பவில்லை. அது பெரும்பாலும் ஹீப்ரு.

பெருந்துறையில் என் தங்கை வீட்டுக்காரர் தறி போட்டு மேஜை விரிப்பு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். 2007-ல் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "மச்சான், இஸ்ரேல்காரர் மெயில் வந்திருக்குதுங்க. மேல இங்கிலீஷ் நல்லாத் தெரியுது. கீழ பூராப் பூச்சி பூச்சியா இருக்குது. வைரஸுங்களா?"

ஈரோட்டில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். வைரஸ் இல்லை. மேலே நாலு வரி ஆங்கிலம். அதன் கீழே, வாங்குபவரின் கிடங்கிலிருந்து அவருக்கு வந்த குறிப்பை அப்படியே இணைத்திருந்தார். அதுதான் பெருக்கல் குறிகளாகக் கொட்டிக் கிடந்தது.

காரணம் எளியது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு ஹீப்ரு எழுத்துக்கும் இரண்டு பைட். முதல் பைட் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான். அந்த பைட்டைப் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் தேடினால் கிடைப்பது பெருக்கல் குறி. தமிழுக்கு மூன்று பைட். அதே தவறு நடந்தால், தலையில் கீற்று வைத்த சின்ன 'ஏ'வும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்' எழுத்தும் திரும்பத் திரும்ப வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடிதம் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. படிக்கிறவர் தப்பான அகராதியைப் பிரித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் மெயில் அனுப்பினால், கூடவே எழுத்துருவையும் அனுப்ப வேண்டும். டிஸ்கி, அது இது என்று ஆளுக்கொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியதே இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான். யூனிகோடைத் தமிழக அரசு தன் முறையாக ஏற்றது 2010-ல். அந்த நாட்களில் பட்ட பாட்டில் நான் அரை நிபுணன் ஆகியிருந்தேன்.

ஆகவே மெனுவில் என்கோடிங் என்ற இடத்துக்குப் போய் யூனிகோடைத் தேர்ந்தெடுத்தேன். கட்டம் கட்டமாக ஹீப்ரு எழுத்துகள் வந்து நின்றன. மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஹீப்ரு வரி நடுவுல 180 × 140ன்னு இருக்குதுங்க மச்சான். அகலம் எதுங்க?"

"முதல்ல வர்றதுதான் அகலம். பாவு ஓட்டச் சொல்லுங்க மாப்ளே."

ஓட்டினார்கள். எழுபது விரிப்பு நெய்து முடித்துப் போட்டோ அனுப்பினார். அன்று சாயங்காலமே போன் வந்தது. கேட்டிருந்தது அகலம் 140, நீளம் 180. திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமே என்பீர்கள். விரிப்பில் கோடு இருக்கிறதே! நீளவாக்கில் ஓட வேண்டிய கோடு குறுக்கே ஓடியது.

"அந்த ஆளு மாத்திப் பேசறாருங்க" என்று மாப்பிள்ளை கொதித்தார். சூடாக ஒரு பதில் எழுதித் தரச் சொன்னார். நானும் கீபோர்டில் கை வைத்துவிட்டேன். அப்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தறி மேஸ்திரி கேட்டார்:

"ஏனுங்க, அவங்க எழுத்து வலப் பக்கமிருந்துதானுங்களே வருது? அப்ப அளவும் அந்தப் பக்கமிருந்துதானுங்களே படிக்கோணும்?"

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் சொன்னதுதான் விதி. ஹீப்ருச் சொல்லுக்குப் பின்னால் '140 × 180' என்று டைப் செய்தால், ஒவ்வோர் எண்ணும் தனக்குள் இடமிருந்து வலமாகவே இருக்கும். ஆனால் இரண்டு எண்களும் வலமிருந்து இடமாக வரிசை கட்டும். அவர்களுக்கு வலது ஓரத்து 140 முதல் எண். நமக்கு இடது ஓரத்து 180 முதல் எண். முழுக்க ஆங்கிலமாக உள்ள வரியில் அதையே எழுதினால் இடம் மாறாது. கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை, வாங்குபவரும் மாற்றிப் பேசவில்லை. எழுதிய வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு.

வேற்று மொழிக்காரர் விவகாரம் என்று சிரிக்காதீர்கள். நம் 'கெ' எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. பழைய தமிழ் டைப்ரைட்டரிலும் டிஸ்கியிலும் கொம்புதான் முதலில். அந்தக் காலத்துக் கோப்பை அரைகுறையாக மாற்றினால் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். இதைத் தெரிந்து வைத்திருந்த நான்தான் 'முதல்ல வர்றது அகலம்' என்று தீர்ப்புச் சொன்னேன்.

இன்றைய மெயில்கள் தங்கள் என்கோடிங்கைத் தாங்களே சொல்லிவிடுவதால் பெருக்கல் குறிப் பூச்சிகள் அபூர்வம். ஆனால் எண்கள் இடம் மாறுவது இன்றும் உண்டு, அது கோளாறு இல்லை என்பதால். திசையைக் கட்டிப் போடக் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது. அதைவிட நல்ல வழி, 'அகலம் 140' என்று ஒரு வரி, 'நீளம் 180' என்று அடுத்த வரி. அரபு நாட்டுக்கு எழுதினாலும் இதே வழிதான்.

சூடான பதில் போகவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போனது. வாங்குபவர் பெரிய மனதுக்காரர். மறுபடி நெய்ய மூன்று வாரம் கொடுத்தார். எழுபது விரிப்பும் சொந்தக்காரர்கள் வீட்டு மேஜைகளில் குறுக்குக் கோட்டோடு கிடக்கின்றன. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கைதான் அன்றைக்குக் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் அவருக்கு மெயிலில் சந்தேகம் வந்தால் முதலில் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்.