சமோசா எந்தத் துறையின் செலவு?

அமெரிக்காவில் பிஹெச்டி பண்றேன்னு சொன்னா ஊர்ல இருக்கவங்க என்னென்னமோ கற்பனை பண்ணிக்கிறாங்க. இந்த மாசம் முழுக்க நான் பண்ணின ஆராய்ச்சி ஒண்ணே ஒண்ணுதான்: பதினெட்டு பேருக்கு வாங்குற சமோசாவை எந்தத் துறைக் கணக்கில் எழுதுவது? :-)

விளக்கமாச் சொல்றேன். நாங்க சில மாணவர்கள் சேர்ந்து இங்கே ஒரு செமினார் நடத்துகிறோம். தலைப்பு தண்ணீர். வரலாறு, மானுடவியல், பொருளாதாரம், பொதுச் சுகாதாரம் என்று நாலு துறை ஆட்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. ஒருத்தர் தன் அத்தியாயத்தை முன்னாடியே அனுப்பணும், மத்தவங்க படிச்சுட்டு வந்து கிழிக்கணும். அவ்வளவுதான் கான்செப்ட்.

இதுக்கான பணம் அடுத்த வருஷம் பாதியாகுதாம். 2025 ஏப்ரலில் மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியமைப்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட மானியங்களை ஒரேயடியா ரத்து பண்ணினது பலருக்கு நினைவிருக்கும். எங்க சில்லறை அங்கிருந்து வரலை. ஆனா நெல்லு காயும்போது புல்லு மட்டும் பச்சையா இருக்குமா? எல்லா இடத்திலும் கையை இறுக்குறாங்க.

சரி, துறைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டா என்ன? கேட்டோமே. வரலாற்றுத் துறையில் "அருமையான முயற்சி, பொதுச் சுகாதாரத்தில் கேட்டுப் பாருங்களேன்" என்றார்கள். பொதுச் சுகாதாரத்தில் "அருமையான முயற்சி, ஆனா இதில் டேட்டா எங்கே?" பொருளாதாரத்தில் அந்த "அருமையான"கூட இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. துறைப் பணம் துறை மாணவனுக்கு. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான், தண்ணி எடுக்க எல்லாரும் வருவாங்க, தூர் வார ஆள் கிடைக்காது.

இந்தத் தலைவலி ரொம்பப் பழசு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டானன்பாம் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார். சுவாரஸ்யமான மனுஷன். 1914ல், சின்னப் பையனா இருக்கும்போது, வேலையில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் தேவாலயங்களுக்குள் போய் சோறும் படுக்க இடமும் கேட்டதற்காக ஜெயிலுக்குப் போனவர். அவர்தான் 1945ல் அங்கே 'யுனிவர்சிட்டி செமினார்ஸ்' என்பதைத் தொடங்கினார். ஒரு பிரச்சினை, பல துறை ஆட்கள், மாசம் ஒரு கூட்டம். வெளிக் கல்லூரிக்காரர்கள், பேராசிரியராகவே இல்லாதவர்கள்கூட உறுப்பினராகலாம். அஞ்சு செமினாரில் ஆரம்பிச்சது இன்னைக்கு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. காரணம், அவரும் அவர் மனைவி ஜேன் பீலோவும் (பாலித் தீவை ஆய்வு செய்த மானுடவியலாளர்) விட்டுப்போன சொத்து. கூடிச் சாப்பிடுவது அங்கே ஒரு சம்பிரதாயம். சோறு கேட்டு உள்ளே போனவருக்கு அதோட அருமை தெரியாதா என்ன!

இன்னொரு மாதிரியும் உண்டு. மெல்லன் அறக்கட்டளை 1994ல் ஆரம்பித்த சாயர் செமினார்கள். ஒரு வருஷம், ஒரு கேள்வி, ஒரு செமினாருக்கு 2,25,000 டாலர் வரைக்கும் கொடுத்தாங்க. அதில் ஒரு போஸ்ட்டாக், ரெண்டு மாணவர்களுக்கு ஆய்வேடு எழுத உதவித்தொகை, வெளியூர் அறிஞர்கள் வந்து தங்கும் செலவு. இதை வைத்துப் புதுசா ஒரு மையமோ துறையோ கட்டிவிடக் கூடாது என்பதில் அவர்கள் தெளிவா இருந்தாங்க. பல்கலைக்கழகம் தன் சொந்த அறைக்கே வாடகை போட்டுக் கழிக்கவும் விடலை (யாரோ பட்டுத் தெரிஞ்சவங்க எழுதின விதி போல). ரெண்டு மாணவர்களுக்கு ஒரு வருஷச் சோறு என்பது சாதாரண விஷயம் இல்லை, கும்பிடலாம். ஆனா ஒரு வருஷம் முடிஞ்சதும் போஸ்ட்டாக் பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது. பேச்சு சூடு பிடிக்கவே எட்டு மாசம் ஆகும்கிறது என் அனுபவம். அதனால என் ஓட்டு டானன்பாமுக்குத்தான். கொஞ்சமா கொடு, நிறுத்தாம கொடு.

நம்ம ஊர் 'தேசியக் கருத்தரங்கம்' தெரிஞ்சவங்க சிரிப்பீங்க. பை, பேனா, சான்றிதழ், வரவேற்புரை, பொன்னாடை, கட்டுரை வாசிக்க அஞ்சு நிமிஷம், அப்புறம் பந்தி. நானும் எம்.ஏ. படிக்கும்போது அப்படி நாலு பை சேர்த்தவன்தான். அதில் யாரும் யாரையும் கேள்வி கேட்டதா ஞாபகம் இல்லை. ஆகவே பணம் இருந்தா போதும்னும் சொல்ல வரலை.

இங்கே கேள்வி கேட்கிறார்கள். போன வருஷம் பொருளாதாரக்கார நண்பன் தண்ணீர்க் கட்டணம் பற்றி ஒரு அத்தியாயம் கொண்டுவந்தான். அவன் கணக்கில் குடும்பம் என்பது ஒரே ஆள் மாதிரி முடிவெடுக்கும். 2019ல் சென்னை ஏரிகள் வறண்டபோது எங்க தெருவுக்கு லாரி வரும். ஹார்ன் சத்தம் கேட்டா குடத்தோட ஓடினது அம்மாவும் அத்தையும்தான், அப்பா இல்லை. "குடம் தூக்குறது யாருன்னு உன் சமன்பாட்டுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் வந்து, வீட்டுக்குள்ள யார் நேரம் செலவாகுதுன்னு தனியா கணக்கெடுக்கப் போறேன்னான். அவன் துறை செமினாரில் இந்தக் கேள்வி வந்திருக்கவே வராது. அங்கே யாரும் குடம் தூக்கினதில்லை.

இப்ப பாதிப் பணத்தில் எதை வெட்டுறது? சாப்பாட்டை வெட்டலாம், வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகத் தயார். அச்சுச் செலவே வேண்டாம், பிடிஎஃப் போதும். ஆனா எங்க கூட்டத்துக்கு ஒரு அம்மா வர்றாங்க. நகரக் குடிநீர் வாரியத்தில் பல வருஷம் வேலை பார்த்துட்டு, இப்ப ரெண்டு சமுதாயக் கல்லூரிகளில் பாடத்துக்கு இவ்வளவுன்னு கூலிக்கு நடத்துறாங்க. ரெண்டு மணி நேர ரயில் பயணம். எங்களில் வால்வை நிஜமாவே திருகிப் பார்த்த ஒரே ஆள் அவங்கதான். டிக்கெட் காசை நாங்க கொடுக்கலைன்னா அவங்க வர முடியாது. நிதிக் குழுவோ "எங்கள் பல்கலைக்கழகத்தைச் சேராதவருக்கு ஏன்?" என்று கேட்டிருக்கிறது.

பதில் எழுத வெள்ளிக்கிழமை வரை டைம். படிவத்தில் முதல் வரியா அந்த ரயில் டிக்கெட்டைத்தான் போட்டிருக்கேன். சமோசா கடைசி வரி. அடிச்சாலும் பரவாயில்லை.