படிவழித் துணை

வழிச்செலவில் துணை வேண்டும் என்பது நம் நாட்டாரின் பழைய எண்ணம். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். அதற்கு நேரான மார்க்கபந்து என்னும் வடசொல்லை அவ்வட்டாரத்தார் தம் பிள்ளைகளுக்கும் இட்டு வழங்குவர். எனினும், தனியே செல்வோர்க்கு மட்டும் வாய்க்கும் பேறு ஒன்று உண்டு. குடும்பத்தோடு செல்வோர் தமக்குள்ளேயே பேசி, தமக்குள்ளேயே உண்டு, சென்றவாறே திரும்பிவிடுவர். தனியே செல்பவரோ பிறரிடம் வழி கேட்க வேண்டும். பையைச் சற்றே பார்த்துக்கொள்ளுமாறு வேண்ட வேண்டும். படியில் கால் தளர்ந்தால் அருகிலிருப்பவர் தோளைப் பற்ற வேண்டும். புதிய நட்புக்கு முதற்கதவு இவ்வாறு கேட்பதே ஆகும்.

ஜப்பானியர் இதனை நன்கு உணர்ந்தவர்கள். அந்நாட்டின் சிக்கோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடை. தன்னந்தனியே நடப்பவரும் 'இருவர் உடன் செல்கின்றனர்' என்னும் பொருள்பட எழுதிய கூடைத்தொப்பியை அணிந்துகொள்வர். உடன் வரும் அவ்விரண்டாமவர், கி.பி. 774 முதல் 835 வரை வாழ்ந்த கோபோ தாய்ஷி என்னும் துறவி என்பது அவர்தம் நம்பிக்கை. வழியிலுள்ள ஊரார் முன்பின் அறியாத யாத்திரிகர்க்குப் பழமும் தேநீரும் தந்து உபசரிப்பர். நமக்கு அத்தகைய இரண்டாமவர் திருப்பதி மலைப்படியில் வாய்த்தார்.

2024-ஆம் ஆண்டு விடுமுறைக்குத் தாயகம் சென்றிருந்தபோது, நம் தந்தையார் நேர்ந்துகொண்ட முடிகாணிக்கையைச் செலுத்தி வரும்படி நம்மைப் பணித்தார். தாமும் உடன் வருவார் என்று எண்ணியிருந்தோம். "வீட்டில் ஓடு மாற்றும் வேலை இருக்கிறது, நீ போய் வா" என்று கூறிவிட்டார். இல்லத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை வாய்க்காமையால் அவர்கள் நம்மோடு தாயகம் வரவில்லை. ஆகவே தனியே புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகச் செல்லும் வண்டி திருத்தணியைக் கடந்ததும் நிலையப் பலகைகளில் தெலுங்கு எழுத்து முதலிடம் பெறுகிறது. எழுத்து மாறினும் பேச்சு உடனே மாறுவதில்லை. நகரியிலும் புத்தூரிலும் ஏறுவோர் இரு மொழிகளையும் ஒரே வாக்கியத்திற் கலந்து பேசுகின்றனர். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நாம் அறிவோம். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்ததும், நெடிய கிளர்ச்சிக்குப் பின் 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்ததும் வரலாறு. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியும், அங்குள்ள மக்கள் இரு மொழிகளையும் இரு கைகளைப் போலவே வைத்துப் புழங்குகின்றனர்.

மலைமேற் செல்ல 1944 முதல் வண்டிப் பாதை உண்டு. நடந்து செல்வோர்க்குப் பழைய படிவழிகள் இரண்டு உள்ளன. அவற்றுள் அலிபிரியிற் தொடங்குவது 3,550 படிகளும் சுமார் 9 கிலோமீட்டர் நீளமும் உடையது. மூட்டைகளை அடிவாரத்திலேயே ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி மேலே சேர்த்துவிடுவர். 2023 ஆகஸ்டில் இப்பாதையில் ஒரு சிறுமி சிறுத்தையால் உயிரிழந்த துயரம் நேர்ந்தது. அதன் பின்னர், நடப்போர் கூட்டமாகச் செல்லவேண்டும் என்று தேவஸ்தானத்தார் அறிவுறுத்தினர். கைத்தடிகள் வழங்கவும் ஏற்பாடு செய்தனர்.

விடியுமுன் அலிபிரியை அடைந்த நம்மை நோக்கி, அங்கிருந்த காவலர் ஒருவர், "தனியாகவா? யாருடனாவது சேர்ந்து போங்கள்" என்றார். சற்றுத் தள்ளி, தலையில் முண்டாசும் கையில் தடியுமாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து நம்மருகே வந்து, "ஒருவர் என்றால் தனி, இருவர் என்றால் கூட்டம்தானே, நாயனா? வாருங்கள்" என்று தமிழிலேயே கூறினார். சித்தூர்ப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். இளமையில் வெல்லம் ஏற்றிக்கொண்டு வேலூர்ச் சந்தைக்குப் போய்வந்த பழக்கத்தால் தமிழ் கற்றவர். எழுபது வயதைக் கடந்தும் நடையில் தளர்ச்சியில்லை.

படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறும் பெண்கள் நமக்கு முன்னே சென்றனர். அவர்கள் இட்ட பொட்டுகளை மிதியாமல் ஓரமாகவே ஏறினோம். முதலில் மாம்பழப் பேச்சு. கூழ் ஆலைகள் கொள்ளும் கிளிமூக்கு மாங்காயை அவர் 'தோதாபுரி' என்றார். இரண்டிற்கும் பொருள் கிளியே என்று கண்டு இருவரும் மகிழ்ந்தோம். ஏறக்குறைய இரண்டாயிரம் படி ஏறியபின் வருவது காலி கோபுரம். தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. பெயருக்கேற்ப வீசிய காற்றில் அமர்ந்திருக்கையில், தம் மகன் குவைத்தில் ஒன்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறான் என்றும், அவன் பொருட்டே ஏறுவதாகவும் அவர் தெரிவித்தார். நாமும் கடல்கடந்து வாழ்பவரே என்று அறிந்ததும், அவர் முகம் மாறியது.

"ஒன்று கேட்கிறேன், நாயனா. பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்.

குடும்பம் வந்து சேருமுன் நாம் தனித்திருந்த ஆண்டுகளை நினைத்து உள்ளவாறே உரைத்தோம். விளக்கைப் போடுவோம், உலை வைப்போம், பேச ஆளின்றி வானொலியைத் திருகுவோம், காய்ச்சலாய்க் கிடந்த நாளிலும் ஊருக்குப் பேசினால் 'நலம்' என்றே சொல்லுவோம் என்றோம்.

இருபது படிகள் வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, "அப்படியானால் என் பிள்ளை 'பாகுன்னானு' என்று சொல்வதும் அப்படித்தானோ?" என்று கேட்டார். நலமாக இருக்கிறேன் என்பது அச்சொல்லின் பொருள். சில நாளில் அப்படியும் இருக்கலாம் என்றோம்.

இப்போது நம் முறை. "ஊரிலிருக்கும் பெரியவர்கள் 'நலம்' என்று சொல்கிறார்களே, அது எப்படி?" என்று வினவினோம். அவர் உரக்கச் சிரித்துவிட்டார். இரண்டு மாதத்திற்கு முன் தமக்குக் கண்புரை அறுவை நடந்ததையும், அதை மகனிடம் இன்னும் சொல்லவில்லை என்பதையும் கூறினார். "சொன்னால் வேலையை விட்டு ஓடி வருவான். வந்து என்ன செய்யப் போகிறான்?"

பாதையின் கடைசி ஏற்றத்தைத் தமிழர் முழங்கால் முறிச்சான் என்பர். மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய இராமாநுசர் இவ்விடத்தை முழங்காலால் ஊர்ந்து ஏறினார் என்பது மரபு. அவரை எதிர்கொண்டழைக்கப் பெரிய திருமலை நம்பி நேரிலேயே வந்தாராம். முதியவராகிய தாங்கள் வரலாமா, சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கலாகாதா என்று இராமாநுசர் கேட்க, ஊர் முழுதும் தேடியும் தம்மிலும் சிறியவர் கிடைக்கவில்லை என்று நம்பி விடையிறுத்தாராம். இக்கதையை நம் நண்பர் தெலுங்கிலும் நாம் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஏறினோம். புதியவரை வரவேற்பதற்கு இதனினும் சிறந்த பாடம் ஏது?

முடிகாணிக்கையும் தரிசனமும் முடிந்து அன்னப்பிரசாதக் கூடத்தில் அருகருகே அமர்ந்தோம். 1985-இல் தொடங்கிய அன்னதானம், 2011 முதல் தரிகொண்ட வேங்கமாம்பாவின் பெயர் தாங்கிய பெரிய கட்டடத்தில் நடைபெறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் தரிகொண்டாவிற் பிறந்த தெலுங்குக் கவிஞர் அவ்வம்மையார். அவர் பெயரால் அமைந்த கூடத்தில் கன்னடமும் மராத்தியும் தமிழும் ஒரே பந்தியில் சோறு கேட்கின்றன. முதியவர் தம் இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை நம் இலைக்குத் தள்ளி, "பிள்ளைக்குப் பிடிக்கும்" என்றார். எந்தப் பிள்ளை என்று நாம் கேட்கவில்லை.

பேருந்து ஏறுமுன் நம் தந்தையாரோடு தொலைபேசியிற் பேசினோம். ஓடு மாற்றி முடிந்ததா என்று கேட்டு நிறுத்தாமல், முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் வினவினோம். சற்றுநேரம் பேச்சில்லை. மூன்று மாதமாக மாடி ஏற முடியவில்லை என்று அதன் பின்னரே சொன்னார். மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இப்போது ஊன்றுகோலுடன் மாடி ஏறுகிறார்.

நண்பரும் நாமும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். கண்புரைச் செய்தியை அவர் மகனிடம் சொல்லிவிட்டார். மகன் வேலையை விட்டு ஓடி வரவில்லை. ஆனால் தனக்கு முதுகுவலி இருப்பதை முதன்முறையாகத் தந்தையிடம் சொன்னானாம். அவர் இதைக் கூறும்போது வருத்தத்தினும் மகிழ்ச்சியே மிகுந்திருந்தது.

தாயகம் செல்லும் நம் சங்கத்து அன்பர்கள் பலரும் திருப்பதிக்குப் போகாமல் திரும்புவதில்லை. வாடகை வண்டியில் விரைந்து, தரிசனம் முடித்து, லட்டுடன் மீள்வது எளிது. உடல்நலம் இடங்கொடுப்பவர்கள் ஒருமுறையேனும் அலிபிரிப் படிகளில் நடந்து செல்க. பகற்போதில், பிறரோடு சேர்ந்து செல்க. அப்பிறர் உறவினராக இருக்கவேண்டும் என்பதில்லை. நம் வீட்டாரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை முன்பின் அறியாத ஒருவரிடம் கேட்டுவிடலாம். அவர் தரும் விடையோ நம் வீட்டாரைப் பற்றியதாக இருத்தலும் கூடும்.