தைக்கு முன்னால் ஒரு கணக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சிங்கப்பூரில் தருமம் செய்யக் கடைசித் தேதி டிசம்பர் 31. சிரிக்காதீர்கள், அரசாங்கமே வைத்திருக்கும் தேதி அது. அரசு அங்கீகரித்த அறநிறுவனம் எதற்காவது நூறு வெள்ளி கொடுத்தால், வருமானத்தில் 250 வெள்ளியைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி போடுவார்கள். 7 சதவீத வரிப்படியில் இருப்பவருக்குப் பதினேழு வெள்ளி ஐம்பது காசு மிச்சம். 31ஆம் தேதி நள்ளிரவுக்குள் பணம் போய்ச் சேர்ந்தால்தான் இந்த ஆண்டுக் கணக்கில் ஏறும். அதனால் டிசம்பர் பிறந்ததும் கைப்பேசியில் வந்து விழுகிற செய்திகளைப் பார்க்க வேண்டும். முதியோர் இல்லம், சிறுநீரக நோயாளிகள், தெருநாய்கள் என்று எல்லோரும் நினைவூட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த இரண்டரை மடங்கு.

நானும் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் கால்குலேட்டரைத் தட்டினேன். எத்தனை கொடுத்தால் எத்தனை மிஞ்சும் என்று பார்த்துவிட்டுத்தான் தொகையை முடிவு செய்தேன். இது ஈகையா பேராசையா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே விரலால்தான் தட்டப்பட்டன.

இன்னொன்றும் இருக்கிறது. 1991இல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கும் நலிந்த குடும்பங்களுக்கும் உதவுகிறது. அதற்கு இந்திய வம்சாவளி ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை, வருமானத்துக்கு ஏற்றபடி தானாகவே பிடித்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். விலக முடியும் என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்பளச் சீட்டில் ஒரு வரியாகப் போகிற தருமம் கொடுப்பவன் மனசில் ஒரு கீறல்கூடப் போடுவதில்லை. அந்தக் காசு எந்தப் பிள்ளைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, யார் கொடுத்தது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம், இதே மாதத்தில் நீங்களும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்ப்பீர்கள். மார்கழியில் விசேஷம் கிடையாது. தை பிறந்தால் பத்திரிகை மேல் பத்திரிகையாக வரும். அதற்குள் மொய் நோட்டுகளை இறக்கி, தூசி தட்டி, யார் வீட்டுக்கு எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டும் என்று குறித்து வைக்கிற வேலை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், தொகை என்று உங்கள் கையெழுத்தில் வரிசையாக நிற்கும் அந்த நோட்டை மட்டும் இந்த ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. என் சீன நண்பர் ஒருவர் சிவப்பு உறையில் தருகிற அங்பாவ் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் கல்யாணத்திலும் யார் எவ்வளவு என்று குறித்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கி வைத்து வாசிப்பதில்லை.

படித்தவர்கள் நடுவே மொய் என்றால் ஓர் இளக்காரம் உண்டு. கொடுத்ததை எழுதி வைத்துத் திரும்ப வாங்குவது அன்பா, வியாபாரம்தானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இங்கே வருவதற்கு ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தில் பாதி, தங்கச்சி சடங்கில் விழுந்த மொய். அதைப் போட்டவர்களில் ஒருவர்கூட, நான்தான் உன்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன் என்று என்னிடம் சொன்னதில்லை. எழுதியிருக்கிறதே, சொல்வானேன்? எழுதாத உதவியைத்தான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நோட்டில் ஏறியது கடன். கடனாளி தலைநிமிர்ந்து நடக்கலாம், தைக்குத் தை கொஞ்சம் அடைத்துவிடலாம். என் வரி ரசீதில் அப்படி ஒரு வழி கிடையாது. அங்கே கொடுத்தவனுக்கு மட்டும்தான் நோட்டு. வாங்கினவர் எனக்குத் திரும்பச் செய்ய ஓர் இடம் அதில் இல்லை.

அதற்காக நம் ஊர் மொய்யைத் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. வட்டிக்கு வாங்கி மொய் எழுதுகிறவர்களை உங்களுக்கே தெரியும். இன்னும் மோசம், கல்யாணம் ஆகாதவர்களும் பிள்ளை இல்லாதவர்களும். நம் அத்தை ஒருத்தி, வருஷா வருஷம் எல்லா வீட்டுக்கும் எழுதினாள். திரும்ப வாங்க அவள் வீட்டில் காதுகுத்தும் இல்லை, சடங்கும் இல்லை, ஒரு கூரைவீட்டைப் புதுசாக மேய்ந்ததோடு சரி. அவள் பெயர் எத்தனை நோட்டுகளில் இருக்கிறது, அவளிடம் இருந்த நோட்டு எத்தனை பக்கம்!

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அப்படியே தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரைக்கும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. குளத்தூர், கீரனூர்ப் பக்கத்து ஆட்கள் அதை வேடிக்கையாகத்தான் பேசுவோம், காரணமே இல்லாமல் பந்தல் போடுகிறார்கள் என்று. காரணம் வேண்டாம் என்பதுதான் அதில் உள்ள புத்திசாலித்தனம். பிள்ளை இருக்கிறதோ இல்லையோ, சில வருஷத்துக்கு ஒருமுறை உனக்கும் முறை வரும். ஆடு அடித்துச் சாப்பாடு போடு, எவர்சில்வர் அண்டாவை வை. வந்தவர்கள் பழைய மொய்யைத் திருப்பி, மேலே ‘புதுநடை’ என்று கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். விழுந்ததைக் கொண்டு ஆழ்குழாய்க் கிணறு போடலாம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாம். வங்கியில் ஜாமீன் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் நல்ல வழியிலும் ஆசை வந்து உட்கார்ந்துகொள்ளத் தெரியாதா என்ன. புதுநடை ஏற ஏற, திருப்பிச் செய்ய வேண்டியதும் ஏறும். பணம் எண்ணும் இயந்திரம் வந்தது, வங்கிக்காரர்கள் பந்தலுக்கே வந்தார்கள், காவலுக்கு ஆள் நின்றது. 2019 ஆடியில் வடகாட்டில் ஒருவருக்கு நாலு கோடி ரூபாய் மொய் விழுந்ததைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இங்கே டெக்கா பக்கம் காப்பிக் கடையில் நம் மாவட்டத்துப் பையன்கள் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டிப் பெருமைப்பட்டார்கள். எனக்கு என்னவோ அடுத்தடுத்த ஆடிகளில் அந்த நாலு கோடியைத் திருப்ப வேண்டியவரின் தூக்கம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்திய வருஷம்தான் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையேறி, கிழக்கே தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. நீங்கள்கூட ஃபோனில், நம் பக்கம் சேதம் குறைவு, ஆலங்குடிப் பக்கம் போய்ப் பார்க்க முடியவில்லை என்று சொன்னீர்கள். அந்தச் சமயத்தில் ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பன் நால்ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் செய்த காரியம் எனக்கு இந்த டிசம்பரிலும் மனசைவிட்டுப் போகவில்லை. கடையில் அக்கவுன்ட் வைத்து டீ குடித்தவர்களின் பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்கிறேன் என்று பலகை எழுதி வைத்தார். புயலில் அவர் வாடிக்கையாளர்கள் தோப்பை இழந்திருந்தார்கள், அவர் தன் நோட்டைக் கொடுத்தார். பணக்காரர் இல்லை, டீக்கடைக்காரருக்கு அந்தப் பாக்கிதான் அடுத்த மாதத்துப் பாலும் சர்க்கரையும்.

இதே ஆள் பிறகு கொரோனாக் காலத்திலும், 2022இல் இலங்கை பட்டினியில் கிடந்தபோதும் கடையில் மொய் விருந்து வைத்தார். விருந்து என்றால் ஒரு டீ. குடித்துவிட்டு, முடிந்ததைப் பாத்திரத்தில் போடு. போட்டவர்களில் முன்னே பாக்கி தள்ளுபடியானவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்களுக்குத் திரும்பச் செய்ய ஓர் இடம் கிடைத்தது. அவருக்கு இல்லை, முகம் தெரியாத யாழ்ப்பாணத்துக்காரனுக்கோ மலையகத்துக்காரனுக்கோ. இருந்தாலும் அது மொய்தான்.

போன தடவை ஊருக்கு வந்தபோது பிள்ளைகளை அன்னவாசலுக்குப் பக்கத்தில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள். எனக்குப் பிடித்தது குன்றின் அந்தப் பக்கம், ஏழடிப்பட்டத்தில் இருக்கும் கல் படுக்கைகள். அதில் ஒன்றின் ஓரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழி எழுத்து. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு சமணத் துறவிக்கு இந்த ஊர்ப் பக்கத்து இளையர் இந்தப் படுக்கையைச் செய்து கொடுத்தார் என்று விவரம். எருமைநாடு என்றால் இன்றைய மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்குப் படுக்க இடம் கொடுத்த கதை. வெளிநாட்டில் படுக்க இடம் தேடி அலைந்தவன் எவனும் அந்தப் பாறைமுன் கொஞ்சம் நிற்பான். அதில் வாங்கினவரின் ஊரும் நாடும்கூட எழுதியிருக்கிறது பாருங்கள். இப்போது கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர்தான் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

புதுக்கோட்டையை ஆண்ட நம் தொண்டைமான் ராஜாக்கள் இதில் ஒரு படி மேல். நவராத்திரியில் அரிசியோடு கொடுத்த அம்மன் காசை, ஓர் அணாவுக்கு இருபது பெறும் அந்தச் செப்புக் காசை வைத்து அப்பா சிறுவயதில் விளையாடி இருக்கிறார். அதில் கொடுத்த ராஜாவின் முகம் கிடையாது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் ‘விஜய’. கொடுத்தது அம்மன், ராஜா எடுத்து நீட்டினவர் மட்டும்தான் என்பது போல ஒரு பாவனை. பாவனைதான், ஆனால் நல்ல பாவனை.

வருஷக் கடைசி என்றால் இங்கே தன்னைத் திருத்திக்கொள்கிற காய்ச்சலும் சேர்ந்து அடிக்கும். குடிமக்கள் புதுத் தொழில் படிக்கட்டும் என்று அரசு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் பணம் போட்டு வைத்திருக்கிறது. அதில் 2020இல் கூடுதலாகப் போட்ட 500 வெள்ளி 2025 டிசம்பர் 31ஓடு காலாவதி. அவ்வளவுதான், என் அலுவலகத்தில் எல்லோரும் படிப்பாளிகள் ஆகிவிட்டார்கள். எதைப் படிக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. எதில் 500 முழுசாகக் கழியும் என்று கேட்டார்கள். நானும் செயற்கை நுண்ணறிவு வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். விட மனசில்லை, அதுதான் உண்மை.

இங்கே சிண்டா தொடங்கிய அதே 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அம்மா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுதக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அவர்களுக்குக் கூடுதல் லாபம். தெரிந்தவள் தெரியாதவளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அம்மாவுக்குச் சைக்கிள் பிடித்துக் கொடுத்தவர் யாரென்று கேட்டால் இன்றைக்கும் பெயர் சொல்வாள், அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு கை கூடுதலாகவே மொய் செய்தாள். அந்தப் படிப்பு காலாவதியாகவில்லை. என் நுண்ணறிவு வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் எனக்குத் தெரியப் போவதில்லை, கணினி வழி வகுப்பு அது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தை விசேஷங்களுக்கு என் பெயரில் பழைய மொய்யை அப்படியே செய்துவிடுங்கள். புதுநடை எல்லா வீட்டுக்கும் வேண்டாம், திருப்பிச் செய்யச் சிரமப்படுகிற வீடுகளில் பழையதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தை எழுதின வீடுகளின் பட்டியல் உங்களிடம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அவள் வீட்டில் விசேஷம் வராது. எழுபது வயசு முடிந்ததைச் சாக்காக வைத்து ஒரு சாப்பாடு போட்டால் என்ன? கிழக்கே செய்வதைக் குளத்தூரில் செய்தால் யார் கேட்கப் போகிறார்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். திருச்சி ரோட்டில் வண்ணக் கொடி நட்டு மனை போடுகிறார்களே, அந்தப் படம் இங்கே எங்கள் வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. ஏற்கெனவே ஓரிடம் கிடக்கிறது, வீடு கட்டப் போவதும் இல்லை. இருந்தும் விலையைப் பார்த்ததிலிருந்து கை அரிக்கிறது. நீங்கள் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். கண்மாய்க்கு வருகிற வரத்துவாரியை மண் போட்டு மூடித்தான் அந்த மனையைச் சமப்படுத்தி இருக்கிறார்களா என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள், கிராமக் கணக்கு வரைபடத்தையும் பாருங்கள். வாரி அதில் போகிறது என்றால் என்னிடம் விலையே சொல்ல வேண்டாம். போகவில்லை என்றால் முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

சித்திக்கு வணக்கம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்