பௌதிகப் போட்டியில் மூவர்

சர்வகலாசாலை மாணாக்கருக்கென்று 2010-ஆம் ஆண்டு முதல் யூனிவர்சிட்டி பிசிக்ஸ் காம்பெடிஷன் என்னும் போட்டியொன்று நடைபெற்று வருகிறது. நவம்பர் மாதத்து வாரக் கடைசியொன்றில், பல நாட்டு மாணாக்கரும் மூவர் மூவராகச் சேர்ந்து, தத்தம் இடத்திலேயே அமர்ந்து, இரு கேள்விகளுள் ஒன்றை ஆராய்ந்து, 48 மணி நேரத்திற்குள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். நூல்களைப் புரட்டலாம், கணினியை நாடலாம். பிறரிடம், ஆசிரியரே ஆயினும், ஒரு சொல் கேட்கலாகாது.

தோட்டத்துக் கிராணிக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். நாமும் பௌதிகம் பயின்றவரே, அப்போட்டியில் கலந்துகொண்டவருமே.

பள்ளிப் பரீட்சையில் "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று கேள்வித்தாளே உத்தரவிட்டுவிடும். இங்கோ எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை எழுதுவோரே தீர்மானித்துக் காரணமும் காட்ட வேண்டும். இரண்டாம் நாளிரவு நம் மூவர்க்குள் பிணக்கு எழுந்தது இதன் பொருட்டே. நண்பர் ஒருவர், "எல்லா நூல்களும் காற்றை விட்டுவிடுகின்றன, நாமும் விடுவோம்" என்றார். ஆங்கிலத்தில் அழகாகவே சொன்னார்.

மூன்றாமவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிப் பயின்ற மாணவி. ஆங்கிலம் பேசக் கூசி அதுவரை கணக்கோடு நின்றவர், அப்போது தமிழிலேயே பேசலானார்: "விடலாம். எவ்வளவை விடுகிறோம் என்று சொல்லிவிட்டு விடுவோம். இருபது கிலோ செம்பனைக் குலை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 14 மீட்டர். அந்த வேகத்திலும் காற்றின் தடை குலையின் எடையில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. அங்கே காற்றை விடுவது நியாயம். காய்ந்த இலை விழுந்தால்? சற்று நேரத்தில் தடையே எடைக்குச் சமமாகிவிடும். நம் கேள்வியில் இருப்பது குலையா, இலையா?"

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்ற விதியைக் கொண்டு விடியுமட்டும் கணக்கிட்டோம். இலையின் பக்கமே சாய்ந்தது! முன்னெழுதிய பக்கங்களில் பாதி குப்பைக்குப் போயின.

ஆங்கிலத்தில் எழுதும் பணி நம்முடையது. வாக்கியந்தோறும் அம்மாணவி, "இது நான் சொன்னதுதானா?" என்று கேட்டார். இரண்டிடத்தில் "இல்லை" என்று அடித்துத் திருத்தினார். நடை கெட்டது, கருத்து நேராயிற்று. ஆங்கிலம் சரளமாக வந்தால் அறிவும் வந்துவிட்டதாக எண்ணும் நம்மவர் அன்று அங்கிருந்து பார்த்திருக்க வேண்டும்.

வெண்கலத் தரம் கிட்டிற்று. அவர் இப்பொழுது ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் போதிக்கிறார். நாம் குலைகளின் எடையைப் பேரேட்டில் பதிந்து வருகிறோம்.