ஆயாவின் சுருக்குப்பை

(மூன்றாமாண்டு, கணிப்பொறியியல் பட்டயப் பிரிவு)

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று நம்ம மலர்க்குழு நண்பர்கள் மூன்று வாரமாக விரட்டினார்கள். கவிதை எனக்கு வராது. காதல் அனுபவம் இல்லை. (இருந்தாலும் இங்கே எழுத மாட்டேன்!) ஆகவே நண்பர்களே, 2025 நவம்பரில் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு விம்கோ நகரில். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இண்டியா மேட்ச் கம்பெனி. தீப்பெட்டிக் கம்பெனி பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். அப்பா ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார், ஐந்தாவது வரை படித்தவர். அம்மா வாசலில் இட்லிக் கடை, மூன்றாவதோடு சரி. எங்கள் வம்சத்திலேயே பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அதனால் வீட்டில் நான்தான் இன்ஜினீயர். கரண்ட் பில், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டு டிவி ரிமோட்... எது வந்தாலும் "தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறான், அவனைக் கேளு" என்பார்கள். தெரியாது என்று சொன்னால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். அதனால் தெரியாது என்று நான் சொல்வதே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அம்மா ஏலச்சீட்டு எடுத்தார். கையில் வந்தது 42 ஆயிரம் ரூபாய். என் கடைசி வருஷக் கட்டணத்துக்காகப் போட்ட சீட்டு அது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், நல்ல மனுஷன்தான். அவர் போனில் ஒரு 'ஆப்' காட்டி, "அக்கா, இதுல போட்டா பிட்காயினா மாறும், தினமும் ஏறும்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமலே அம்மா அதில் 5 ஆயிரம் போட்டுவிட்டார். நாற்பது நாளில் போன் திரையில் அது 7,850 ஆகிவிட்டது! மிச்சம் 37 ஆயிரத்தையும் போடப் போகிறேன் என்றார் ஒரு ராத்திரி.

"அம்மா, அது ஃப்ராடு" என்றேன்.

"எப்படிடா சொல்ற? ஹைகோர்ட்டே அது சொத்துன்னு சொல்லிட்டாங்களாமே? பேப்பர்ல வந்துதுன்னு அந்தத் தம்பி காட்டிச்சு."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீர்ப்பு வந்தது உண்மை. பிட்காயின் என்றால் என்னவென்று நிஜமாக எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன்.

மறுநாள் லேபில் உட்கார்ந்தேன். பிட்காயின் கோர் என்ற மென்பொருளை இறக்கினேன். இதில் நிஜ வலைக்குப் போகாமல், நம் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பொம்மைப் பிட்காயின் உலகத்தை உண்டாக்கலாம். அதன் பெயர் ரெக்டெஸ்ட். பட்டன், படம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். முகவரி கேட்டேன். 'வாலெட் எதுவும் ஏற்றப்படவில்லை' என்று திட்டியது. பழைய பதிப்பில் வாலெட் தானாகவே உண்டாகுமாம், இப்போது நாமே 'கிரியேட்வாலெட்' என்று கட்டளை கொடுக்கவேண்டும். கொடுத்தேன். பிறகு 'கெட்நியூஅட்ரஸ்'. பிசிஆர்டி1 என்று ஆரம்பித்து, பல்லிக்கு மை தொட்டு ஓடவிட்ட மாதிரி ஒரு நீள வரி வந்தது. அதுதான் என் முகவரி! அந்த முகவரிக்கு நூறு பிளாக் தோண்டினேன், இருப்பு சைபர். இன்னொன்று தோண்டினேன், 50 பிட்காயின்! புதிதாகத் தோண்டிய காசு, அதன்மேல் நூறு பிளாக் ஏறினால்தான் செலவுக்கு வருமாம். 101 என்ற கணக்கு அதனால்தான்.

பக்கத்து சீட் நண்பன், "மச்சான், கோடீஸ்வரன் ஆயிட்டடா, டீ வாங்கிக் குடு" என்றான். பொம்மைக் காசுக்கு டீ கிடைக்காதே! சரி, அவனுக்காவது அனுப்புவோம் என்றால், கட்டணத்தைக் கணக்கிட முடியவில்லை என்று அடுத்த பிழை. ஆளில்லாத உலகத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கட்டணத்தை மதிப்பிட வழி ஏது? 'ஃபால்பேக்ஃபீ' என்று நாமே ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால்தான் நகர்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போயிற்று.

ஒரு முட்டாள்தனத்தையும் ஒத்துக்கொள்கிறேன். வாலெட்டைப் பூட்டும் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே அடித்துவிட்டு எழுந்து போனேன். அடுத்து உட்கார்ந்தவன் மேல்நோக்கு அம்புக்குறியை நாலு தரம் தட்டினான். என் கடவுச்சொல் பளிச்சென்று வந்து நின்றது! அடித்த ஒவ்வொரு வரியையும் ஷெல் ஞாபகம் வைத்துக்கொள்ளும், மறக்கவே மறக்காது. பொம்மைக் காசாகப் போனதால் பிழைத்தேன். (அது யார் பெயர் என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.)

ஆனால் அந்த இரண்டு நாளில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. வாலெட் என்கிறோமே, அதற்குள் காசே கிடையாது! காசுக் கணக்கெல்லாம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே மாதிரி எழுதிவைத்த பேரேட்டில் இருக்கிறது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் அதில் முதல் பக்கத்தை எழுதினார். அவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாலெட்டில் இருப்பது சாவி மட்டுமே.

உடனே செத்துப்போன எங்கள் ஆயா ஞாபகம் வந்தார். ஆயா இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, டிரங்குப்பெட்டிச் சாவி. அதில் பணத்தை நான் பார்த்ததேயில்லை. ஆனால் அந்தப் பையைத் தொட்டால் கையை முறித்துவிடுவார்.

அடுத்தது நிஜம். பிட்காயின் கோர் மொத்தப் பேரேட்டையும் இறக்கும், அது அறுநூறு ஜிபிக்கு மேல். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் லேப்டாப் தாங்காது. ஆகவே 2011-இல் தாமஸ் வோக்ட்லின் உருவாக்கிய எலெக்ட்ரம் என்பதை எடுத்தேன். 2018 கடைசியில் போலி எலெக்ட்ரமை இறக்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அதனால் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் ஓடவிட்டேன்.

அம்மா இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாடா இது, ஒரே கறுப்பா கீது? டிவி ரிப்பேரா?"

'எலெக்ட்ரம் கிரியேட்' என்று அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு போச்சு என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். பிறகு பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. 2048 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பொறுக்கியவை. அந்தப் பன்னிரண்டும் வரிசை மாறாமல் கையில் இருந்தால் லேப்டாப் கடலில் விழுந்தாலும் வாலெட்டைத் திரும்ப எடுக்கலாம். அதையே வேறொருவர் பார்த்தால் எல்லாம் அவருடையது. போட்டோ எடுக்காமல், நோட்டுத்தாளில் எழுதினேன். வாலெட்டுகளில் பரவலாகப் புழங்கும் 2013-ஆம் வருஷத்து பிப்-39 முறையில் ஜப்பான், கொரியா, இத்தாலி, செக் மொழிகளுக்கெல்லாம் சொற்பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை. இருந்திருந்தால் அம்மா எழுத்துக்கூட்டியாவது படித்திருப்பார்.

முகவரி வந்தது, பிசி1 என்று ஆரம்பித்தது. நிஜ முகவரி. அப்பா அப்போதுதான் ஹார்பர் கியூவிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினார். "இவ்ளோ பெரிய நம்பரை ஒரு எழுத்து மாத்தி அடிச்சிட்டா?" என்றார். மாற்றிக் காட்டினேன், செல்லாத முகவரி என்று தள்ளிவிட்டது. அப்பா சிரித்தார். "கன்டெய்னர்ல கடைசி நம்பரைக் கட்டம் போட்டு எழுதியிருப்பாங்களே, அது மாதிரியா?" நாலு எழுத்து, ஏழு எண், அதில் கடைசி எண் மற்றதைச் சரிபார்க்க. கச்சிதமாக அதேதான்! செக்சம் என்று நம்ம வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க நடத்தியதை அப்பா டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்த அண்ணனிடம் போனேன். "அண்ணே, அம்மா பேர்ல 7,850 ரூபாய்க்குப் பிட்காயின் இருக்குல்ல, அதுல ஐந்நூறு ரூபாய்க்கு மட்டும் இந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்க." அவர் மறுக்கவில்லை. ஆப்பில் விண்ணப்பம் போட்டார். 'வெற்றி' என்று பச்சையாக வந்தது.

வீட்டில் 'கெட்பேலன்ஸ்' அடித்தேன். சைபர். ராத்திரி சைபர். மறுநாள் சைபர். மூன்றாம் நாள் ஆப்காரர்கள், சர்வர் பராமரிப்பு என்றார்கள். நாலாம் நாள், எடுக்கவேண்டுமானால் முதலில் வரியாக 2,000 கட்டுங்கள் என்றார்கள். அரசாங்கம் 2022 ஏப்ரலிலிருந்து இதன் லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டிருப்பது நிஜம். ஆனால் அது வருமான வரிக் கணக்கில் கட்டுவது, ஆப்காரனுக்கு அனுப்புவதல்ல.

இவ்வளவு சொல்லியும் அம்மா ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்! "அவங்க அனுப்பாததால சைபரா, இல்ல நீ பண்ணது சரியில்லாததால சைபரா?"

ஆடிப்போய்விட்டேன். எந்த வைவாவிலும் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. என் வாலெட் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லையே! நம்ம காலேஜில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒரு சீனியரிடம் கெஞ்சினேன். அவரிடம் கொஞ்சம் நிஜப் பிட்காயின் உண்டு. 5,000 சதோஷி அனுப்பினார். பத்து கோடி சதோஷி சேர்ந்தால்தான் ஒரு பிட்காயின், ஆகவே அன்றைய விலைக்கு அது சில நூறு ரூபாய். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் 'உறுதியாகாதது' என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. இட்லி ஒரு ஈடு வேகும் நேரம் போனது. உறுதியானது.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தத் தம்பி காட்டுறதுல இருக்கறது வெறும் நம்பர்தானா?" என்று மட்டும் கேட்டார். 37 ஆயிரம் பிழைத்தது. 5 ஆயிரம் போனதுதான். 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறோம். அந்த அண்ணனும் கூட வந்து பதிந்தார். அவர் போட்டது 60 ஆயிரமாம், வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

அட, அந்தத் தீர்ப்பை மறந்துவிட்டேனே! எங்கள் ஊரில் மெட்ரோ ஏறினால் அதே லைனில்தான் ஹைகோர்ட் ஸ்டேஷன். 2025 அக்டோபர் 25-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னது இது: கிரிப்டோ நாணயம் தொட்டுப் பார்க்கும் பொருள் அல்ல, பணமும் அல்ல, ஆனால் சொத்து. அண்ணன் காட்டியது இந்த ஒரு வரியைத்தான். வழக்கு எப்படி வந்தது என்பதை அவர் படிக்கவில்லை. சென்னையிலிருந்து பணம் செலுத்திய ஒரு முதலீட்டாளர், வசீர்எக்ஸ் என்ற சந்தையில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காசு வாங்கினார். 2024 ஜூலை 18-இல் அந்தச் சந்தையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு காசுகள் திருடுபோயின. இவர் காசு திருடுபோகவில்லை. ஆனாலும் கணக்கு முடக்கப்பட்டதால் எடுக்க முடியவில்லை. ஏனென்றால் சாவி சந்தைக்காரர் கையில். அதற்காகத்தான் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலப் பாதுகாப்பு வாங்கினார். சொத்துதான், ஆனால் அதை அடைய வக்கீல் வைக்க வேண்டியிருந்தது! எங்கள் கேஸில் அந்தச் சொத்துகூடக் கிடையாது.

கட்டணத்தை மறு திங்கட்கிழமையே கட்டிவிட்டேன். சீனியர் அந்த 5,000 சதோஷியைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். பன்னிரண்டு சொல் தாளையும் ரசீதையும் அம்மா ஒன்றாக மடித்து ஆயாவின் சுருக்குப்பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். பையில் இருந்த பழைய வெற்றிலைக் கறை பட்டு ஏழாவது சொல் பாதி மங்கிப்போயிருக்கிறது. பரீட்சை முடிந்ததும் வேறு தாளில் எழுதவேண்டும்.